நீலக் கையுறையின் சுண்டுவிரல்

வைமாரி அந்த இறைச்சி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு வயது இருபத்தேழு. இப்போது ஐம்பத்தெட்டு. நடுவில் போன முப்பத்தொரு வருஷமும் கறி ஓடிவரும் ஒரே பெல்ட்டின் ஒரே பக்கத்தில் நின்றபடியே போய்விட்டன. உட்காரவே இல்லையா என்று கேட்டால், டீ இடைவேளையில் உட்கார்ந்தாள், இரண்டு பிள்ளைப்பேற்றுக்கு உட்கார்ந்தாள், புருஷன் செத்தபோது ஒரு வாரம் உட்கார்ந்தாள். மற்றபடி நின்றாள்.

காலில் வெள்ளை ரப்பர் பூட்ஸ், உடம்பில் வெள்ளை அங்கி, தலைக்கு வலை. இடது கையில் இரும்புக் கண்ணி பின்னிய கையுறை, அதற்கு மேல் நீல ரப்பர் கையுறை. வலது கையில் கத்தி. வெளியே டரனாகி மலைமேல் வெயில் அடித்தாலும் சரி, கடலிலிருந்து மழை வந்து சாத்தினாலும் சரி, எலும்பு நீக்கும் அறைக்குள் வருஷம் முழுக்க ஒரே குளிர்தான். அது லேசான வேலை என்று யாராவது வந்து சொன்னால் நம்ப வேண்டாம்.

முதல் நாள் அறுத்துக் குளிர வைத்த மாடுகள் கொக்கியில் தொங்கிக்கொண்டு வரும். ஆண்கள் எலும்பைப் பிரிப்பார்கள். பெரிய துண்டுகள் ஒரு பக்கம் போகும். மிச்சம் மீதிச் சின்னத் துண்டுகள் எல்லாம் வைமாரியின் பெல்ட்டுக்கு வரும். கொழுப்பைச் சீவ வேண்டும், நரம்பை எடுக்க வேண்டும், அடிபட்டுக் கறுத்த சதையை வெட்டி எறிய வேண்டும். சுத்தச் சிவப்பாக எது மிஞ்சுகிறதோ அதை முன்னால் தள்ள வேண்டும். பெல்ட்டின் கடைசியில் ஃபெட்டு அதை இருபத்தேழு கிலோ அட்டைப்பெட்டிகளில் நிரப்புவான். பெட்டிகள் உறைந்து, கப்பலேறி, அமெரிக்காவுக்குப் போகும். அங்கே பர்கர் கடைக்காரர்களுக்காக அரைப்பார்கள்.

அமெரிக்காவில் மாடே இல்லையா என்று புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். இருக்கிறது. சோளம் தின்று கொழுத்த மாடு. அதன் கறியை மட்டும் அரைத்துத் தட்டி அடுப்பில் போட்டால் பாதி நெய்யாக ஓடிவிடும். அதைப் பிடித்து நிறுத்த, கொழுப்பே இல்லாத கறி வேண்டும். அது யாரிடம் இருக்கும்? புல்லைத் தின்று, எட்டுப் பத்து வருஷம் பால் கொடுத்து ஓய்ந்துபோன மாட்டிடம் இருக்கும். டரனாகியில் குளிர்காலம் நெருங்கிப் பால் வற்றும் மே மாசத்தில், சினை நிற்காத மாடு, மடி கெட்ட மாடு, கால் நொண்டும் மாடு எல்லாம் பண்ணை பண்ணையாக லாரி ஏறும். இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு, வாலுக்கு மேலே பண்ணைக்காரன் அடையாளத்துக்கு அடித்த சாயம் அழியாமல், மழையில் நனைந்துகொண்டு வந்து இறங்கும். அந்த ஒரு மாசம் ஆலைக்கு மூச்சு விட நேரம் இருக்காது. வாரத்துக்கு ஆறு நாள் வேலை.

வைமாரியின் தம்பி அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டியில் குடியிருக்கிறான். அவள் ஒரே ஒரு தடவை அங்கே போனாள். அவன் பிள்ளைகள் நச்சரித்ததால் ரோட்டோரத்துப் பர்கர் கடையில் காரை நிறுத்தினார்கள். எல்லாரும் வாயில் வைத்துக்கொண்டிருக்க, வைமாரி மட்டும் பன்னைத் திறந்து உள்ளே பார்த்தாள். மோந்தும் பார்த்தாள்.

"என்ன அத்தை தேடுறீங்க?" என்றது சின்னது.

"நம்ம ஊர் மாடு ஏதாவது இருக்கான்னு பாக்குறேன்."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. அவள் சிரிக்கவில்லை. கெச்சப் வழிய அந்தச் சின்னது மெல்லுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர் திரும்பியபின், கூட வேலை செய்யும் டோனா, "கறி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டதற்கு, "ஊறுகா வெள்ளரிக்கா ருசி" என்றதோடு முடித்துக்கொண்டாள்.

பெல்ட்டில் அவளுக்கு எதிரே நின்றவர் ராவிரி. இருபத்தாறு வருஷம் எதிரெதிரே நின்றார்கள். எதிரெதிரே நிற்கிறவர்கள் பேசிக்கொள்ள முடியாது. காதில் அடைப்பான், அதற்கு மேல் இயந்திர இரைச்சல். புருவத்தாலும் உதட்டாலும்தான் பேச்சு. புருவம் ஒருமுறை தூக்கினால் ஆமாம். சூப்பர்வைசர் வருகிறான் என்றால் மூக்கைச் சுளிக்க வேண்டும். ராவிரி வாயசைத்துப் பாட்டுப் பாடுவார். அது என்ன பாட்டு என்று வைமாரி கண்டுபிடிக்க வேண்டும். அவளுடைய கத்தியையும் அவரே தீட்டிக் கொடுப்பார். "உன் கையில கத்தி மழுங்குறதப் பாத்தா கல்லத்தான் அறுக்குறியோன்னு தோணுது" என்று தினமும் ஒரு தடவை சொல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. அவர் மனைவி ஹுயாவும் பத்து வருஷம் அதே அறையில் பெட்டி கட்டியவள். முதுகு போனபின் நின்றுவிட்டாள்.

அந்த ராவிரி மே மாசம் இரண்டாம் வாரம் செவ்வாய்க்கிழமை ராத்திரி மாரடைப்பில் போய்விட்டார். புதன்கிழமை அவரை வடக்கே, அவர் பிறந்த குலம் கூடும் இடமான மராயேவுக்குக் கொண்டுபோனார்கள். ஆலையிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். வேலை முடிந்து கிளம்பினால் போய்ச் சேரும்போது இருட்டிவிடும். இருட்டியபின் அந்த மராயேவில் விருந்தாளிகளை வாசல் ஏற்றுவதில்லை. மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, அடக்கம். நடுப்பகலில் சவப்பெட்டியை மூடிவிடுவார்கள். அதற்கு முன்னால் போனால்தான் முகம் பார்க்கலாம்.

ஹுயா போனில் சொன்னாள்: "ஆலைக்காரங்க எல்லாரும் ஒண்ணா வாங்க. நீதான் முன்னால நின்னு குரல் கொடுத்துக் கூட்டிட்டு வரணும் வைமாரி. அவர் அதைத்தான் கேட்டிருப்பார்."

வருகிற கூட்டத்துக்காக ஒரு பெண் குரல் கொடுக்காமல் மராயேவுக்குள் கால் வைக்க முடியாது. அந்த அறையில் இருந்த பெண்களில் அப்படிக் குரல் கொடுக்கத் தெரிந்தவள் வைமாரி ஒருத்திதான்.

சூப்பர்வைசர் கிரெய்க்கிடம் போய்ப் பேசினார்கள். கிரெய்க் நல்ல மனுஷன்தான். ஆனால் லாரிகள் வரிசையில் நிற்கின்றன, கப்பலுக்கு நாள் குறித்தாகிவிட்டது. கடைசியில் ஒரு வழி சொன்னான். வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்குத் தொடங்கி, நூற்றைம்பது மாடு முடித்தால் போதும். முடிந்த நிமிஷம் எல்லாரும் கிளம்பலாம். பத்து மணிக்கு முடித்தால் பதினொன்றரைக்கு அங்கே இருக்கலாம்.

அன்று அந்த அறை பறந்தது. பேச்சில்லை, பாட்டில்லை. முப்பத்திரண்டு பேர் தலை குனிந்து வெட்டினார்கள். எதிரே ராவிரி நின்ற இடம் காலியாக இருந்தது. அவர் பங்கையும் சேர்த்து வைமாரி வெட்டினாள். ஏழரைக்கு மணி அடித்தபோது பாதிக்கு மேல் முடிந்திருந்தது.

இடைவேளைக்குப் போகும் முன் அவரவர் ரப்பர் கையுறையை அவரவரே உரித்து, ஓட்டை கிழிசல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொட்டியில் போட வேண்டும். அதுதான் முறை. வைமாரியின் இடது சுண்டுவிரல் மடங்காது. இரும்புக் கையுறை வருவதற்கு முந்தின காலத்தில் கத்தி பட்டு நரம்பு போனது. மற்ற விரல்கள் மடங்கும்போது அது மட்டும் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். அதனால் அந்த விரலில்தான் ரப்பர் முதலில் தேயும். மற்ற நாட்களில் வேலை தொடங்கி ஒன்றேகால் மணி நேரத்திலேயே புதுசு மாற்றிக்கொள்வாள். அன்று மாற்றவில்லை. அரை நிமிஷம் மிச்சம் என்று நினைத்தாள்.

கையுறையை உரித்துப் பார்த்தாள். சுண்டுவிரல் நுனி இல்லை. நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய துண்டு.

தன் காலடியில் பார்த்தாள். பெல்ட்டுக்கு அடியில் பார்த்தாள். அங்கியை உதறினாள். பூட்ஸைக் கழற்றிக் கவிழ்த்தாள். இல்லை.

"டோனா, இங்க பாருடி."

டோனா அவளுக்குப் பக்கத்தில் நிற்கிறவள். பதினெட்டு வருஷப் பழக்கம். ஏற்கெனவே டீ அறையை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். "என்ன?"

"சுண்டுவிரல் நுனியக் காணோம்."

"யாரோடது, உன்னதா?"

"என்னது இருக்கு. கையுறையோடது."

டோனா திரும்பி வந்து பார்த்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். "தொட்டியில போடு" என்றாள்.

"என்ன?"

"தொட்டியில போடுன்னேன். வேற எடுத்து மாட்டு. வாய மூடிக்கிட்டு வந்து டீயக் குடி."

டீ அறையில் மூலை மேசையில் உட்கார்ந்தார்கள். ஃபெட்டுவும் தன் ரொட்டிப் பொட்டலத்தோடு வந்து உட்கார்ந்தான். சமோவாக்காரன், நல்ல ஆகிருதி, அதிர்ந்து பேசமாட்டான். டோனா குரலைத் தாழ்த்தினாள்.

"ராவிரி முகத்தப் பாக்கணுமா வேணாமா உனக்கு?"

"பாக்கணும்."

"அப்ப என்ன யோசனை? நீ இப்ப வாயத் திறந்தா, காலையில இருந்து கட்டுன அத்தனை பெட்டியையும் பிரிச்சுக் கொட்டச் சொல்லுவான். மத்தியானம் ஆயிரும். நகத்தளவு ரப்பர்டி! அங்க அத அரைச்சு, வறுத்து, சாஸ ஊத்தி, சீஸ வச்சு மூடிருவான். எவன் பாக்கப் போறான்?"

"நான் பாத்துட்டேனே."

"ஆமா, பெரிய போலீஸ்காரி. முப்பத்தோரு வருஷமா வெட்டுறியே, ஒரு அமெரிக்காக்காரன் வந்து நல்லா வெட்டுனம்மான்னு உன்கிட்ட சொல்லியிருக்கானா?"

"சொல்லல."

"அப்புறம்?"

ஃபெட்டு ரொட்டியைக் கீழே வைத்தான். "எந்தப் பெட்டியில போயிருக்கும் ஆன்ட்டி?"

"தெரிஞ்சா இங்க உக்காந்திருப்பேனாப்பா?"

"ராவிரி அங்கிளா இருந்தா என்ன செஞ்சிருப்பார்?"

"அவரா?" என்றாள் டோனா. "சாவு வீட்டுச் சாப்பாடு கிடைக்கும்னா மிச்சக் கையுறையையும் மென்னு முழுங்கியிருப்பார்."

மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். உண்மைதான், அவர் அப்படிச் செய்யக்கூடியவர்தான். ஒருமுறை விறகு வெட்டப் போவதற்காகக் கை சுளுக்கென்று லீவு வாங்கி இரண்டு நாள் கட்டுப் போட்டுக்கொண்டு திரிந்தவர். சிரிப்பு அடங்கியதும் வைமாரிக்கு உடம்பெல்லாம் அசதியாக இருந்தது. கால் வலித்தது. கண் எரிந்தது. புதன்கிழமையிலிருந்து சரியாகத் தூங்கவில்லை. பேசாமல் இருந்துவிடலாம், யாருக்கும் தெரியாது. இருபத்தாறு வருஷம் எதிரே நின்ற மனுஷனின் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்கலாம்.

ஆனால் அங்கே போய் வாசலில் நின்று குரல் எடுக்க வேண்டுமே. அந்தக் குரல் எழுதி வைத்துப் படிப்பதில்லை. உள்ளே இருப்பதுதான் வெளியே வரும். செத்தவரைப் பேர் சொல்லி அழைத்து, உயிரோடிருப்பவர்களுக்காக வழி கேட்க வேண்டும். வாயைத் திறந்தால் அந்த நீலத் துண்டுதான் தொண்டையில் வந்து நிற்கும் என்று அவளுக்குப் பட்டது. கெச்சப் வழிய மென்றுகொண்டிருந்த தம்பி பிள்ளையின் வாயும் கண்முன் வந்தது.

எழுந்தாள்.

"வைமாரி, உக்காருடி" என்றாள் டோனா.

"டீ ஆறிப்போச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கிரெய்க் தன் கண்ணாடி அறையில் நின்றபடியே பழம் தின்றுகொண்டிருந்தான். அவள் கிழிந்த கையுறையை மேசைமேல் வைத்தாள். அவன் அதைப் பார்த்தான். பழத்தைக் கீழே வைத்தான். இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டான்.

"இன்னைக்கா வைமாரி? இன்னைக்குத்தானா?"

"நாளா பாத்துக் கிழிச்சேன்?"

"நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"அது எனக்குத் தெரியும்."

அவன் ஜன்னல் வழியே பெட்டிகளை எண்ணினான். காலையிலிருந்து நூற்று அறுபத்து நான்கு. உறைவதற்குள் பிரிக்க வேண்டும். நாளைக்கு என்றால் எல்லாம் கல்லாகிவிடும். கறியைச் சோதித்து முத்திரை தரும் பரிசோதனைக்காரிக்குப் போன் போட்டான். அவளும் அதையே சொன்னாள். பிறகு கிரெய்க் மெதுவாகச் சொன்னான்: "மிச்ச மாட்ட நாளைக்குப் பாத்துக்கலாம், அது என் பொறுப்பு. பெட்டி மட்டும் இன்னைக்குப் பிரிச்சாகணும். நீங்க ஒண்ணு செய்யுங்க. உங்களோட ஒரு பத்துப் பேரக் கூட்டிட்டுக் கிளம்புங்க. மத்தவங்க இருந்து தேடட்டும்."

"எந்தப் பத்துப் பேரு? நீயே எழுதிக் குடு. யாருக்கு ராவிரி வேணும், யாருக்கு வேணாம்னு."

கிரெய்க் மறுபடியும் முகத்தைத் தேய்த்துக்கொண்டான்.

"கையுறை என்னோடது" என்றாள் வைமாரி. "நான் போட்டுட்டுப் போக மாட்டேன்."

"நீங்க போகலன்னா அவங்களும் போக முடியாதே. குரல் கொடுக்க ஆள் வேணுமாமே."

"அதுவும் தெரியும்."

சொல்லிவிட்டாள், அவ்வளவுதான். பிடிவாதக்காரி என்று அவளை ஊரே சொல்லும். அன்றைக்குச் சொன்னவர்களையும் குறை சொல்ல முடியாது. கிரெய்க் டீ அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னான். யாரோ கோப்பையை மேசைமேல் ஓங்கி வைத்தார்கள். அப்புறம் நாற்காலிகள் நகர்ந்தன.

எட்டு மேசை. மேசைக்கு நாலு பேர். பெட்டியைப் பிரித்து, பிளாஸ்டிக் உறையைக் கிழித்து, இருபத்தேழு கிலோவையும் மேசைமேல் கொட்டி, ஒவ்வொரு துண்டாக எடுத்துத் திருப்பிப் பார்த்து, மடிப்புக்குள் விரலை விட்டுப் பார்த்து, திரும்பப் பெட்டியில் போட வேண்டும். குளிர்ந்த கறி. பத்து நிமிஷத்தில் விரல் மரத்துவிடும். பெல்ட் நின்றுவிட்டதால் அறையில் இரைச்சல் இல்லை. அத்தனை வருஷத்தில் அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்து வைமாரி பார்த்ததில்லை. ஒருவர் பெருமூச்சு விட்டால் இன்னொரு கோடியில் கேட்டது.

அவளிடம் யாரும் பேசவில்லை. பக்கத்து மேசையில் ஒருவன், அவளுக்குக் கேட்கட்டும் என்றே, "செத்தவன் எங்க ஓடிறப் போறான், அமெரிக்காக்காரன் பசி தாங்க மாட்டான் பாவம்" என்றான். வைமாரி தலையைத் தூக்கவில்லை. துண்டைத் திருப்பினாள். வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். எல்லாம் பால் மாட்டுக் கறி. கறுஞ்சிவப்பு, முரட்டு நார். இதில் ஒரு துண்டு நீலத்துக்கு ஒளிய இடமே இல்லை என்றுதான் தோன்றும். இருந்தும் கண்ணில் படவில்லை.

ஒன்பது மணிக்கு நாற்பது பெட்டி. பத்து மணிக்கு எண்பத்தைந்து. புறப்பட வேண்டிய நேரம் அது. வாசலில் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஃபெட்டு கை கழுவிவிட்டு வெளியே போய், ஹுயாவின் அண்ணன் மகனுக்குப் போன் செய்து வந்தான்.

"பன்னெண்டரை வரைக்கும் சவப்பெட்டிய மூடாம வச்சிருப்பாங்களாம் ஆன்ட்டி. அதுக்கு மேல பாதிரியாருக்கு வேற ஊர்ல வேலையாம். மழையும் வருதாம்."

வைமாரி புருவத்தைத் தூக்கி இறக்கினாள். அப்புறம்தான் எதிரே அதைப் படிக்க ஆள் இல்லை என்பது நினைவு வந்தது. "சரிப்பா" என்றாள்.

பத்து ஐம்பதுக்கு நூற்று முப்பத்தொன்றாவது பெட்டி. அது டோனாவின் மேசை. டோனா கூச்சல் போடவில்லை. நடந்து வந்து, வைமாரியின் உள்ளங்கையைப் பிடித்து விரித்து, நடுவில் வைத்தாள். சுருண்டு, இரத்தம் தோய்ந்து, ஒரு பட்டாணி அளவுக்கு இருந்தது.

"இந்தா. உன் விரல்."

வைமாரி அதைக் கிழிந்த கையுறையின் நுனியோடு வைத்துப் பார்த்தாள். பொருந்தியது. கிரெய்க் வந்து பார்த்தான். பரிசோதனைக்காரி வந்து படம் எடுத்தாள். "போங்க, போங்க" என்றான் கிரெய்க். "சுத்தம் பண்றத நாங்க பாத்துக்குறோம்."

பஸ்ஸிலேயே கறுப்பு உடைக்கு மாறினார்கள். பெண்கள் தலையில் துக்கத்துக்கான பச்சை இலை வளையம் வைத்துக்கொண்டார்கள். வைமாரி முன் இருக்கையில் தனியாக உட்கார்ந்தாள். டோனா நாலு வரிசை தள்ளிப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். பதினொன்று ஐந்துக்குப் புறப்பட்டது. கணக்குப்படி பன்னிரண்டு முப்பத்தைந்து. ஐந்து நிமிஷம்தான் தாமதம், ஹுயா பொறுத்துக்கொள்வாள்.

கடலோரம் போகும்வரை பஸ் நன்றாகத்தான் ஓடியது. மலைப்பாதை ஏறும்போது முன்னால் ஒரு மாட்டு லாரி. இரண்டு தட்டு, பின்னால் இழுவை வண்டி வேறு. வடக்கே வேறொரு ஆலைக்குப் போகிறது. வளைவுக்கு மேல் வளைவு, முந்த வழியில்லை. கம்பி இடுக்கில் மாடுகளின் ஈர மூக்கும் கண்ணும் பஸ்ஸையே பார்த்துக்கொண்டு வந்தன.

"ஹாரன் அடிப்பா" என்று யாரோ கத்தினார்கள்.

"அடிச்சா லாரி பறக்குமா?" என்றான் டிரைவர்.

பின்னாலிருந்து டோனாவின் குரல் கேட்டது. "நம்ம பண்ற வேலை நம்மளயே மறிக்குது பாரு." யாரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் எழுந்து, தடுமாறிக்கொண்டே முன்னால் வந்து, வைமாரியின் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள்.  தன் பையிலிருந்து கம்பளிக் கையுறையை எடுத்து வைமாரியின் மடியில் போட்டாள். வைமாரியின் விரல்கள் அதுவரை நீலம் பாரித்தே இருந்தன.

மராயே வாசலில் பஸ் நின்றபோது மணி பன்னிரண்டு ஐம்பத்தைந்து. முற்றத்தில் ஆள் இல்லை. பெரிய வீட்டின் தாழ்வாரத்தில் பாய்கள் விரித்தபடி கிடந்தன. சவப்பெட்டி இருந்த இடம் வெறுமையாக இருந்தது. அடுக்களைப் பக்கம் மட்டும் புகை. பின்னால் குன்றின்மேல், மழைத் தூறலில், கறுப்பாகக் கூட்டம் தெரிந்தது.

முப்பத்திரண்டு பேரும் வாசலில் நின்றார்கள். யாரும் வைமாரியைப் பார்க்கவில்லை. எல்லாருடைய முகமும் குன்றைப் பார்த்திருந்தது.

"இப்ப என்ன ஆன்ட்டி செய்யுறது?" என்றான் ஃபெட்டு.

வைமாரி கம்பளிக் கையுறையைக் கழற்றினாள். குன்றின் அடிவாரம் வரை கூட்டத்தை நடத்திக்கொண்டு போனாள். அங்கே நின்று, மூச்சை இழுத்து, குரல் எடுத்தாள். முதலில் கம்மியது. பிறகு ஏறியது. ராவிரி, நாங்கள் வந்துவிட்டோம், பெல்ட்டிலிருந்து வருகிறோம், நீ கத்தி தீட்டிக் கொடுத்த கைகளெல்லாம் வந்திருக்கின்றன, முகம் காண வந்தோம், மண்ணைக் காண்கிறோம், போய் வா, போய் வா என்று தங்கள் மூதாதையர் மொழியில் நீட்டினாள். அவளுக்கே தெரியாத வார்த்தைகளெல்லாம் வந்தன. தொண்டையில் எதுவும் நிற்கவில்லை.

 பிறகு மேலேயிருந்து ஒரு கிழவியின் குரல் பதிலுக்கு இறங்கி வந்தது. வாருங்கள், தாமதித்து வந்தவர்களே, ஏறி வாருங்கள் என்றது. ஏறினார்கள்.

குழி பாதிக்கு மேல் மூடியிருந்தது. மண் தள்ளிக்கொண்டிருந்த உறவுக்காரப் பையன்கள், மண்வெட்டிகளை ஆலைக்காரர்களிடம் நீட்டினார்கள். ஃபெட்டு முதலில் வாங்கினான். பஸ்ஸில் முறைத்துக்கொண்டு வந்தவர்களும் வாங்கினார்கள். வெட்டிப் பழகிய கைகள். மளமளவென்று மண் விழுந்தது.

ஹுயா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வைமாரி போய்க் குனிந்து, அவர்கள் வழக்கப்படி அவள் மூக்கோடு மூக்கு வைத்து நின்றாள். இரண்டு பேர் கண்ணீரும் ஒன்றாகவே இறங்கியது.

"பன்னெண்டரை வரைக்கும் வச்சிருந்தோம்" என்றாள் ஹுயா. "அதுக்கு மேல முடியல. எங்க போய்த் தொலைஞ்சீங்க எல்லாரும்?"

"என் கையுறை கிழிஞ்சிருச்சு."

ஹுயா நிமிர்ந்து பார்த்தாள். பத்து வருஷம் பெட்டி கட்டியவள். அவளுக்கு விளக்க ஒன்றும் இல்லை.  கோபமா, இல்லையா என்று வைமாரிக்குப் பிடிபடவில்லை.

"எத்தனை பெட்டி?"

"நூத்தி முப்பத்தொண்ணு."

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"கிடைக்காம வந்திருந்தாலும் திட்டியிருப்பேன்" என்றாள் ஹுயா. "கிடைச்சும் திட்டத்தான் தோணுது. முகத்தப் பாக்காம விட்டுட்டியேடி."

"விட்டுட்டேன்."

"நல்லா இருந்தார். சவரம் பண்ணி விட்டாங்க. உன் தங்கச்சி கல்யாணத்துக்குப் போட்ட கோட்டு."

"பழுப்பா?"

"பழுப்பு."

வைமாரி கண்ணை மூடிக்கொண்டாள். கல்யாணத்தன்று அந்தக் கோட்டில் பொத்தான் தெறிக்க ஆடிய மனுஷனை, இருந்த நினைவை வைத்துப் பார்த்துக்கொண்டாள். அதற்கு மேல் அவளுக்குக் கிடைக்கவில்லை.

இறங்கி வரும்போது வாசல் குழாயில் எல்லாரும் கை கழுவித் தலையில் நீர் தெளித்துக்கொண்டார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் மண்குழி அடுப்பில் வெந்த பன்றிக்கறியும் குமரா என்கிற சர்க்கரைவள்ளிக் கிழங்கும் ஆவி பறக்க வந்தன. சிப்பியும் வறுத்த ரொட்டியும் வந்தன. காலையில் கோப்பையை ஓங்கி வைத்தவன் வைமாரியின் தட்டில் ஒரு கிழங்கை எடுத்து வைத்துவிட்டுப் போனான்.  அவள் பாதி தின்றாள். மீதி இறங்கவில்லை. காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனாள்.

மூன்றரை மணிக்கு டிரைவர் எல்லாரையும் எண்ணினான். ஒரு ஆள் குறைந்தது. டோனாவும் ஹுயாவும் தேடிப் போனார்கள். பெரிய வீட்டுத் தாழ்வாரத்தில், பெட்டி இருந்த இடத்தை ஒட்டிக் கிடந்த பாயில், கறுப்பு உடையோடு, தலையில் வாடிய இலை வளையத்தோடு, வைமாரி தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. மடங்காத அந்தச் சுண்டுவிரல் மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நின்றது.

டிரைவர் பின்னாலேயே வந்துவிட்டான். "இப்ப எடுத்தாத்தான் இருட்டுறதுக்குள்ள மலையத் தாண்டலாம்."

"நாளைக்கு அஞ்சு மணிக்கு வேலை வேற" என்றான் ஃபெட்டு. "மிச்ச மாடு இருக்கு."

டோனா வைமாரியின் தோளைத் தொடக் குனிந்தாள். ஹுயா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மாடு எங்கயும் போகாது. அவ தூங்கட்டும்."

"எவ்வளவு நேரம்?" என்றான் டிரைவர்.

"நீ சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"இன்னொரு தடவை சாப்பிடு" என்றாள் ஹுயா. தன் தோளிலிருந்த போர்வையை எடுத்து வைமாரியின் மேல் போர்த்திவிட்டு, அவள் தலைமாட்டில், பாயின் ஓரத்தில், முதுகு வலியோடு மெதுவாக உட்கார்ந்தாள்.